நிலாவில் ஆறு மடங்கு குதிக்கலாமா? நான் சொன்ன தப்புக் கணக்கும் அதைத் திருத்திய கதையும்

எங்கள் பெரியபாளையத்தில் ஆரணி ஆறு வருஷத்தில் பாதி நாள் மணலாகத்தான் கிடக்கும். சாயங்காலம் பையன்கள் அங்கே குச்சி நட்டு, கயிறு கட்டி, உயரம் தாண்டி விளையாடுவார்கள். விழுந்தாலும் அடிபடாது. அக்கா பையன் எட்டாவது படிக்கிறான். ஒருநாள் உடம்பெல்லாம் மணலோடு வந்து கேட்டான்: "மாமா, மாரியப்பன் நிலாவுல போய்க் குதிச்சா எவ்ளோ ஒசரம் தாண்டுவாரு?"

மாரியப்பன் தங்கவேலு சேலம் மாவட்டத்துக்காரர். சின்ன வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, 2024 பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். எங்கள் தெருப் பையன்களுக்கு அவர்தான் ஹீரோ.

நான் ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பில் யோசிக்காமல் சொன்னேன்: "நிலாவுல ஈர்ப்பு ஆறுல ஒரு பங்கு. அப்போ ஆறு மடங்கு. 1.89 இண்டு ஆறு, 11 மீட்டருக்கு மேல."

அவன் அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறான். "எங்க மாமா கணக்கு போட்டுச் சொன்னாரு" என்று வேறு. கூடப் படிக்கிற ஒரு பெண் கேட்டாளாம்: "சும்மா நின்னாலே உன் இடுப்பு தரையிலேர்ந்து முக்கால் மீட்டர் ஒசரத்துல இருக்கு. நிலாவுல போய் நின்னா அதுவும் ஆறு மடங்கு ஆயிடுமா?"

பையன் முகம் தொங்கிப்போய் வந்தான். அந்தப் பெண் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. தப்பு என்னுடையது. அன்றைக்கு ஆரம்பித்து ரெண்டு வாரம் இதையே குடைந்துகொண்டிருந்தேன். "ஆறு மடங்கு" என்பது எவ்வளவு தூரம் உண்மை, எங்கே உடைகிறது என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் தப்பு: எங்கிருந்து அளக்கிறோம்?

உயரம் தாண்டுகிறவர் தரையிலிருந்து தன் உடம்பை 1.89 மீட்டர் தூக்குவதில்லை. உடம்பின் மொத்த நிறையும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக் கணக்குப் போடலாம். அதற்கு நிறை மையம் என்று பெயர். நிற்கும்போது அது தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். கால் தரையை விடுகிற நேரத்தில் அது தோராயமாக 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பி 1.89இல் இருக்கிறது. நிறை மையம் கம்பியை ஒட்டிப் போகிறது என்றால், குதிப்பு தூக்கியது மிச்சம் 89 செ.மீ. மட்டும்தான்.

ஈர்ப்பு மாறினால் மாறுவது இந்த 89 செ.மீ. மட்டும். முதல் 1 மீட்டர் அவருடைய கால் நீளம் கொடுத்தது. அது எந்த உலகத்துக்குப் போனாலும் அதேதான்.

ஆறு மடங்கை இதற்கு மட்டும் போட்டால் 5.34. கூட 1 மீட்டர் சேர்த்தால் 6.3 மீட்டர் சொச்சம். நான் சொன்ன 11 மீட்டரில் கிட்டத்தட்ட பாதிதான். அந்தப் பெண் பிடித்தது இந்த இடத்தைத்தான்.

சுவரில் சாக்பீஸ்

அடுத்து, அந்த ஆறு மடங்காவது சரியா? இதைப் பார்க்க வீட்டுக் காம்பவுண்டுச் சுவரிலேயே ஒரு சோதனை செய்தோம். நீங்களும் செய்யலாம். விரல் நுனியில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு, சுவர் ஓரமாக நின்று, கையை முழுசாக உயர்த்தி ஒரு குறி வையுங்கள். பிறகு முட்டியை மடக்கி, நின்ற இடத்திலிருந்தே எம்பி, உச்சியில் இன்னொரு குறி. ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறதுதான் உங்கள் குதிப்பு. நமக்கு இது வசதி: நிறை மையம் எவ்வளவு ஏறியது என்பதை இது ஏறக்குறைய நேராகவே காட்டிவிடும்.

பையனுக்கு 40 செ.மீ. எனக்கு 27. (என் வயதை இங்கே பேச வேண்டாம்.)

40 செ.மீ. ஏற, தரையை விடுகிற நொடியில் வேகம் விநாடிக்கு 2.8 மீட்டர் இருக்க வேண்டும். போன இடத்திலிருந்து திரும்பி வரக் காற்றில் இருப்பது மொத்தம் 0.57 விநாடி. போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தால் இதைச் சரிபார்க்கலாம்.

இதே 2.8 மீட்டர் வேகத்தோடு வேறொரு உலகத்தில் எம்பினால், ஈர்ப்பு எத்தனை பங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு உயரம். செவ்வாயில் 1.06 மீட்டர். நிலாவில் 2.4 மீட்டர். சனிக்கோளின் டைட்டனில் 2.9 மீட்டர். புளூட்டோவில் 6 மீட்டருக்கு மேல். குறுங்கோள் சீரிஸில் 14 மீட்டர்.

பூமியிலேயே ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்று இல்லை. துருவத்தில் கொஞ்சம் கூட, நிலநடுக்கோட்டில் கொஞ்சம் குறைவு. மெட்ராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் என்பவர் 1821இல் ஊசலை ஆட்டி ஆட்டி நேரம் எண்ணியது, இந்த ஊரின் ஈர்ப்பைத் துல்லியமாக அளக்கத்தான். ஆனால் வித்தியாசம் அரை சதவீதம்தான். துருவத்தில் 40 செ.மீ. குதிக்கிறவர் நிலநடுக்கோட்டுக்கு வந்தால் 2 மில்லிமீட்டர் கூடக் குதிப்பார். சாக்பீஸ் குறியின் தடிமனே அதைவிட அதிகம்.

இரண்டாம் தப்பு: கால் கட்டுகிற வாடகை

மேலே போட்ட கணக்கில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. எந்த உலகத்திலும் தரையை விடும் வேகம் அதே 2.8 தான் என்று எடுத்துக்கொண்டோம். அது ஏன் அதே வேகமாக இருக்க வேண்டும்?

ரூபாய்க் கணக்கில் யோசித்தால் இது சுலபமாகப் புரியும். குதிக்கும் முன் பையன் முட்டியை மடக்கி உடம்பை ஒரு 40 செ.மீ. இறக்குகிறான். பிறகு கால் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் கால் சம்பாதிக்கிற வேலையை 80 ரூபாய் என்று வைப்போம். பூமியில் உடம்பை 1 செ.மீ. தூக்க 1 ரூபாய் விலை. மடக்கின காலை நீட்டி நேராக நிற்கவே 40 செ.மீ. தூக்க வேண்டும். அதற்கு 40 ரூபாய் போய்விட்டது. இது வாடகை மாதிரி, கட்டாமல் முடியாது. கையில் மிச்சம் 40 ரூபாய். அதுதான் காற்றில் ஏறுகிற 40 செ.மீ.

இப்போது அதே காலோடு நிலாவுக்குப் போவோம். 80 ரூபாய் சம்பாத்தியம் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விலைவாசி ஆறில் ஒரு பங்கு. வாடகை 40இலிருந்து 6.70க்கு இறங்கிவிட்டது. மிச்சம் 73.30. அந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் 6 செ.மீ. கிடைக்கும். மொத்தம் 440 செ.மீ.

4.4 மீட்டர்! இது ஆறு மடங்கு இல்லை, பதினோரு மடங்கு. விலை குறைந்ததில் ஒரு லாபம், வாடகை குறைந்ததில் இன்னொரு லாபம்.

ஆனால் சம்பாத்தியம் 80இலேயே நிற்காது. இறக்கத்தில் சைக்கிள் போகும்போது பெடலை மிதித்துப் பாருங்கள். கால் வேகமாகச் சுற்றும், அழுத்தவே முடியாது. தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் இழுக்கும் பலம் குறையும். ஏ.வி. ஹில் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் 1938இலேயே இதை அளந்து சமன்பாடாக எழுதிவிட்டார். 4.4 மீட்டர் ஏற வேண்டுமென்றால் தரையை விடும்போது விநாடிக்கு 3.8 மீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் காலுக்கு அதே பலம் வராது. ஆகவே விண்வெளி உடை இல்லாமல், காற்று நிரப்பிய ஒரு பெரிய கொட்டகைக்குள் பையன் குதித்தால், அவன் உயரம் 2.4க்கும் 4.4க்கும் நடுவில் விழும். ஆறு மடங்கு கீழ் எல்லை, பதினோரு மடங்கு மேல் எல்லை.

அதே கணக்கை எதிர்ப்பக்கமும் ஓட்டிப் பார்க்கலாம். வியாழனில் நிற்கத் தரை கிடையாது, வெறும் வாயு. இருந்தாலும் மேகங்களின் உயரத்தில் ஒரு பலகை போட்டுப் பையனை நிறுத்தினோம் என்று கற்பனை செய்யுங்கள். அங்கே ஈர்ப்பு நம்முடையதைப் போல இரண்டரை மடங்கு. வெறுமனே வகுத்தால் 16 செ.மீ. குதிப்பான் என்று விடை வரும். வாடகைக் கணக்கு வேறு சொல்கிறது. மடக்கின காலை நீட்டவே 100 ரூபாய் வேண்டும். கையில் 80 தான். குதிப்பதை விடுங்கள், அவ்வளவு ஆழமாக முட்டியை மடக்கினால் எழுந்து நிற்பதே திண்டாட்டம்.

ஜான் யங் குதித்தது ஏன் 42 செ.மீ. மட்டும்?

இவ்வளவும் சொன்னதும் பையன் யூடியூபில் ஒரு வீடியோவைக் காட்டினான். "மாமா, இவரு நிலாவுலதான் இருக்காரு. முட்டி ஒசரம்கூட குதிக்கலையே?"

1972 ஏப்ரல், அப்பல்லோ 16. ஜான் யங் அமெரிக்கக் கொடிக்கு சல்யூட் வைத்துக்கொண்டே எம்புகிறார். சார்லி டியூக் போட்டோ எடுக்கிறார். யங் காற்றில் இருந்தது 1.45 விநாடி. நிலா ஈர்ப்பை வைத்துக் கணக்கிட்டால் உயரம் 42 செ.மீ. எங்கள் காம்பவுண்டுச் சுவரில் பையன் தொட்டது 40.

காரணம் உடை. உடையும் முதுகில் மாட்டிய உயிர்காப்புப் பெட்டியும் சேர்ந்து கிட்டத்தட்ட 90 கிலோ. அதாவது, அவர் எடைக்கும் மேலே இன்னொரு ஆளைச் சுமந்துகொண்டு குதித்தார். அது மட்டுமில்லை. உள்ளே காற்று அடைத்த உடை, சைக்கிள் ட்யூப் மாதிரி விறைத்து நிற்கும். முட்டியை 40 செ.மீ. இறங்குகிற அளவுக்கு மடக்க முடியாது. 15 செ.மீ. மடக்கினார் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 75 கிலோ ஆள், 90 கிலோ உடை, பூமியில் தள்ளுகிற அதே கால் பலம். விடை 67 செ.மீ. வந்தது. கொடிக்கு சல்யூட் வைப்பவர் முழுப் பலத்தையும் போட்டிருக்க மாட்டார், ஒரு கை வேறு நெற்றியில் இருக்கிறது. 42 என்பது நியாயமான உயரம்தான்.

எடை போகும், நிறை போகாது

கணக்கில் எல்லாவற்றையும்விட முக்கியமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். இது எனக்குப் பாடப்புத்தகத்தில் புரியவில்லை, வேலை செய்கிற இடத்தில்தான் புரிந்தது.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையில் மெயின்டனன்ஸில் இருக்கிறேன். அங்கே முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற விதி: கிரேனில் தொங்குகிற லோடு ஆடினால் கையை வைத்து நிறுத்தாதே. புதிதாக வருகிறவர்களுக்கு இது விளங்காது. ரெண்டு டன் கம்பிக் கட்டை கிரேன் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு விரலால் தள்ளினாலே மெதுவாக நகர்கிறது. இதை நிறுத்த முடியாதா? முடியாது. எடையைத்தான் கிரேன் சுமக்கிறது. ரெண்டு டன் நிறை அப்படியே இருக்கிறது. நகர ஆரம்பித்துவிட்டால் அதை நிறுத்த ரெண்டு டன்னுக்கு உண்டான பலம் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே மறந்துபோய்க் கை வைத்தேன். கட்டுக்கும் தூணுக்கும் நடுவில் மாட்டி ரெண்டு விரல் நகம் போனது. அவசரப்பட்டது நான்தான், கிரேன்காரரைக் குறை சொல்ல முடியாது.

நிலா என்பது ஒரு பெரிய கிரேன் மாதிரி. உங்கள் எடையில் ஆறில் ஐந்து பங்கை அது வாங்கிக்கொள்கிறது. நிறையைத் தொடுவதே இல்லை. 1960களில் நாசாவின் லாங்லி மையத்தில் அப்பல்லோ வீரர்களுக்கு நடை பழக்கியதும் ஏறக்குறைய இப்படித்தான். ஆளைப் பக்கவாட்டில் கயிறுகளில் படுத்த மாதிரி தொங்கவிட்டு, சுவர் போலச் சாய்ந்த ஒரு தளத்தில் காலை ஊன்ற வைத்தார்கள். பெரும்பகுதி எடையைக் கயிறு வாங்கிக்கொள்ளும். காலுக்கு ஆறில் ஒரு பங்குதான் தெரியும்.

இதனால் உயரம் தாண்டுகிறவருக்கு என்ன ஆகும்? முதலில் அவருடைய ஓட்டம் போய்விடும். வேகமாக ஓடி வந்து, வளைந்து, அந்த வேகத்தை மேல்நோக்கித் திருப்புவதுதான் உயரம் தாண்டுதலின் சூட்சுமம். ஓடவும் வளையவும் கால் தரையைப் பிடிக்க வேண்டும். பிடிப்பு எடையிலிருந்து வருகிறது, அது ஆறில் ஒன்றாகிவிட்டது. திருப்ப வேண்டியது நிறையை, அது குறையவே இல்லை. மழைக்குப் பிறகு மொசைக் தரையில் ஓடித் திரும்புவது போல இருக்கும். நடையே மாறிவிடும். பூமியில் மணிக்கு 7 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போது நம் நடை தானாக ஓட்டமாகிறது. கணக்குப்படி நிலாவில் இது 3 கி.மீ. வேகத்திலேயே நடந்துவிடும். அப்பல்லோ வீரர்கள் நடக்காமல் கங்காரு மாதிரித் தத்திப் போனது வேடிக்கைக்காக இல்லை. அங்கே அதுதான் இயல்பான நடை.

அதனால் மாரியப்பனின் 89 செ.மீ.யை அப்படியே ஆறால் பெருக்கியதும் முழுசாகச் சரியில்லை. அதில் ஒரு பங்கு ஓட்டம் கொடுத்தது. அவர் அங்கே போனால் ஓடாமல், நின்ற இடத்திலிருந்து எம்புவதுதான் புத்திசாலித்தனம்.

சார்லி டியூக் விழுந்த கதை

அதே அப்பல்லோ 16 பயணத்தின் கடைசி வெளிநடையில் யங்கும் டியூக்கும் ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டார்கள். அது ஒலிம்பிக் வருஷம். நிலா ஒலிம்பிக் என்று சொல்லி உயரம் தாண்டிக் காட்டினார்கள். டியூக் பலமாக எம்பினார். மேலே போகும்போதே உடம்பு பின்னால் சாய ஆரம்பித்துவிட்டது. மல்லாக்க விழுந்தார். முதுகில்தான் ஆக்சிஜன், குளிர்விக்கும் நீர் எல்லாம் இருக்கிறது. அது உடைந்தால் அங்கேயே முடிந்தது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அந்த நேரம் எவ்வளவு பயந்தேன் என்று அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஏன் விழுந்தார்? நிலாவில் மெதுவாகத்தானே விழ வேண்டும்?

காற்றில் இருக்கிற நேரம்தான் வில்லன். தரையை விடும்போது நம் உடம்பு எப்போதும் கொஞ்சம் சுழன்றுகொண்டுதான் போகிறது. விநாடிக்கு 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமியில் 0.57 விநாடிக்குள் கால் தரைக்கு வந்துவிடும்; அதற்குள் 11 டிகிரி சாய்ந்திருப்போம், காலை ஒரு அடி தள்ளி வைத்துச் சமாளித்துவிடலாம். அதே சுழற்சி 2 விநாடி நீடித்தால் 40 டிகிரி. பையனின் அந்த 4.4 மீட்டர் குதிப்பு நிஜமாகவே நடந்தால், காற்றில் இருக்கும் நேரம் 4.7 விநாடி; சாய்வு 90 டிகிரியைத் தாண்டிவிடும். அதாவது, நின்றபடி எம்பியவன் படுத்தபடி வந்து சேருவான். காற்றில் பிடிமானம் எதுவும் இல்லாததால் அந்தச் சுழற்சியை நடுவில் நிறுத்தவும் முடியாது.

காலுக்கு அடி பலமாக இருக்காது என்பது உண்மைதான். எம்பின வேகத்தில்தான் திரும்பி வருவோம். விநாடிக்கு 3.8 மீட்டர் என்பது பூமியில் முக்கால் மீட்டர் திண்ணையிலிருந்து குதிப்பதற்குச் சமம். கால் தரையில் பட்டால் ஒன்றும் ஆகாது. முதுகோ கழுத்தோ பட்டால்தான் ஆபத்து. நிறை அங்கேயும் அதே நிறை, கிரேன் லோடு மாதிரி.

இன்னும் சின்ன உலகங்கள்

நிலாவைவிடச் சின்ன இடங்களில் "எவ்வளவு உயரம்" என்ற கேள்வியே மாறிப்போகும். செவ்வாயைச் சுற்றுகிற டெய்மோஸில் விநாடிக்கு 5.6 மீட்டர் வேகம் இருந்தால் திரும்பி வரவே மாட்டீர்கள். பையனின் 2.8 அதில் சரிபாதி. அவன் 2 கி.மீ. உயரம் போய், அரை மணி நேரத்துக்கும் மேல் கழித்துத் தரைக்கு வருவான்.

ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் 2018 செப்டம்பரில் ரியுகு என்ற குறுங்கோளில் இரண்டு குட்டி ரோபோக்களை இறக்கியது. அவற்றுக்குச் சக்கரமே வைக்கவில்லை. எடை இல்லாத இடத்தில் சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்காது. சுழல ஆரம்பித்தால் ரோபோ எகிறிவிடும். அதனால் தத்தித் தத்திப் போகும்படி செய்தார்கள். ஒரு குதிப்பு கால் மணி நேரம் வரை நீடிக்கும். அங்கே பையன் காம்பவுண்டுச் சுவரில் எம்பின மாதிரி எம்பினால் அதோடு சரி, சூரியனைச் சுற்றக் கிளம்பிவிடுவான்.

நம்முடைய குதிப்பு

நிலாவில் இந்தியாவின் குதிப்பும் ஒன்று உண்டு. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டர் தரையிறங்கியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரோவரை ஓட்டிப் பார்க்கிற சோதனைத் தளத்துக்கு நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலையில் கிடைக்கிற அனார்த்தோசைட் பாறையைப் பொடித்து நிலா மண் மாதிரி தயார் செய்திருந்தார்கள். மண்ணை இங்கேயே செய்துவிடலாம். ஈர்ப்பைச் செய்ய முடியாது.

அதனால்தானோ என்னவோ, பலர் கவனிக்காமல் விட்ட ஒரு காரியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. செப்டம்பர் 3ஆம் தேதி, எல்லா வேலையும் முடிந்த பிறகு, விக்ரமின் சரிவுப் பலகையையும் கருவிகளையும் மடித்து வைத்துவிட்டு எஞ்சினைத் திரும்ப இயக்கினார்கள். அது தரையை விட்டு எழும்பி, 30 முதல் 40 செ.மீ. தள்ளிப் பத்திரமாக இறங்கியது. பிறகு கருவிகளை விரித்துப் பார்த்தார்கள், எல்லாம் வேலை செய்தது. நிலாவிலிருந்து மண் எடுத்துத் திரும்பி வரவும், பிற்பாடு மனிதர்கள் போய்த் திரும்பவும் இது முதல் படி என்று இஸ்ரோ சொன்னது. எழும்புவதைவிட, நிமிர்ந்தபடி இறங்குவதுதான் அங்கே பரீட்சை. டியூக் தோற்ற அந்தப் பரீட்சையில் விக்ரம் தேறிவிட்டது.

அது எழும்பின உயரம் சுமார் 40 செ.மீ.

இதைப் படித்ததும் பையனைக் கூப்பிட்டு, காம்பவுண்டுச் சுவரில் அவன் வைத்த குறியைக் காட்டிச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சாக்பீஸை எடுத்து அந்தக் குறிக்குப் பக்கத்தில் "விக்ரம்" என்று எழுதினான். கீழே என் 27ஐயும் மறக்காமல் எழுதினான்.

"அப்போ மாரியப்பனுக்கு என்னன்னு சொல்றது மாமா?"

"11 மீட்டர் தப்பு. சுமாரா 6 மீட்டர், அதுவும் ஓட்டத்துக்குத் தரை பிடிச்சாத்தான், உடை இல்லாம இருந்தாத்தான். முக்கியமா, எப்படி நேரா வந்து எறங்குறதுன்னு முதல்ல பழகணும்னு சொல்லு. அப்புறம், அந்தப் பொண்ணு கேட்டது சரின்னும் சொல்லிடு."

மறுநாள் சொல்லிவிட்டான். கடைசி வாக்கியத்தையும் சேர்த்தா சொன்னாய் என்று கேட்டேன். "அதைத்தான் மாமா முதல்ல சொன்னேன்" என்றான்.